சர்க்கரை மாத்திரை சேர்த்தால் கீமோ பலிக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். நாலு கீமோ முடிந்தும் கட்டி சுருங்கவில்லை. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மினும் பூச்சி மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால் கீமோ வேலை செய்யும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கடையில் வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஆனால் அந்தச் செய்தி முழுப் பொய்யும் இல்லை. அதனால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள்.

கீமோ பலிக்காமல் போகப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று, புற்றுநோய் செல்லின் சவ்வில் இருக்கும் பி-கிளைகோபுரோட்டீன் என்ற புரதம். டாக்ஸோரூபிசின், பாக்ளிடாக்சல் போன்ற கீமோ மருந்துகள் உள்ளே நுழைந்தால், கிணற்று மோட்டார் மாதிரி வெளியே இறைத்துவிடும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் வெராபமில், மருந்து இப்படி வெளியேறுவதைத் தடுக்கிறது என்று 1981-இலேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் ரத்தப் புற்றுநோய் செல்களில் காட்டினார்கள். சரி, ஏன் இன்று யாரும் அதைக் கொடுப்பதில்லை? ஆய்வகத்தில் பலித்த அளவை மனிதர்களுக்குக் கொடுத்தபோது ரத்த அழுத்தம் இறங்கியது, இதயத்துடிப்பு தடுமாறியது.

மெட்ஃபார்மினையும் முறையாகச் சோதித்துவிட்டார்கள். கனடா ஆய்வாளர்கள் நடத்தி 2022-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாத 3,649 மார்பகப் புற்றுநோயாளிகள் இருந்தார்கள். பாதிப் பேருக்கு 850 மி.கி. தினம் இருவேளை, ஐந்து ஆண்டுகள். நோய் திரும்பாமல் தடுப்பதில் வெற்று மாத்திரையைவிட அது மேல் என்று நிரூபணமாகவில்லை. அம்மாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை இருந்து மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அதை நிறுத்த வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு அதிகமானால் மட்டும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பூச்சி மாத்திரைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அல்பெண்டசோல், மெபெண்டசோலை நாள்கணக்கில் அதிக அளவில் கொடுத்தால் வெள்ளை அணுக்கள் குறையலாம். கீமோவிலும் அவை குறைகின்றன. இரண்டும் சேர்ந்தால் சாதாரணக் காய்ச்சலே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

பழைய மருந்து புது வேலைக்கு வந்து ஜெயித்ததும் உண்டு. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்கக் கொடுத்த எவரோலிமஸ், ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாத ஒரு வகை மார்பகப் புற்றுநோய்க்கு 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இப்போது மருத்துவரிடம் கேளுங்கள்: மறுபடி பயாப்ஸி (கட்டியின் சிறு துண்டை எடுத்துச் சோதிப்பது) எடுத்து ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) பார்க்க வேண்டுமா? கீமோ மருந்தை மாற்றலாமா, அல்லது முதலில் அறுவை சிகிச்சையா? சேரத் தகுந்த மருத்துவ ஆய்வு ஏதாவது நடக்கிறதா? போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரையையும், லேகியம் இருந்தால் அதையும், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பூச்சி மாத்திரை ஏற்கெனவே கொடுத்திருந்தால், அடுத்த கீமோவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.