15 குடம்

கேள்வி: எங்கள் வீடு தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில், கடலுக்கு நடக்கிற தூரம். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். நான், 9-ஆம் வகுப்பு படிக்கும் மகன், 5-ஆம் வகுப்பு மகள், மாமியார் என்று வீட்டில் நாலு பேர். கொல்லையில் 2 சென்ட் சும்மா கிடக்கிறதே என்று போன தை மாதம் வெண்டை 40, கத்தரி 30, தக்காளி 10 வைத்தேன். காய்த்துத் தள்ளியது. தின்று தீரவில்லை. கத்தரிக்காய் முற்றிச் சொத்தையாகி, கடைசியில் ஆட்டுக்குத்தான் போட்டோம். இந்த வருஷம் நாலு பேருக்கு எத்தனை செடி போட்டால் சரியாக இருக்கும்? தண்ணீருக்குக் கவலையில்லை. வீட்டு போர் தண்ணீர் உப்புதான், ஆனால் அத்தை விடியற்காலையில் ஊருணியிலிருந்து 15 குடம் கொண்டுவந்து ஊற்றிவிடுவார்கள். 67 வயதிலும் தெம்பாக இருக்கிறார்கள். இந்த வருஷம் மட்டும் ஒன்றுமே போடாதே என்கிறார்கள். வயதானால் அப்படித்தானே!
– ஒரு வாசகி

பதில்: எத்தனை செடி என்று கேட்டு வருகிற கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. முதல் வருஷம் ஆசையில் அள்ளிப் போடுவதும் இரண்டாம் வருஷம் கணக்குக் கேட்பதும் எல்லா ஊரிலும் நடப்பதுதான். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது செடிக் கணக்கு அல்ல. 'தண்ணீருக்குக் கவலையில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி.

யாருக்குக் கவலையில்லை? ஒரு குடம் 15 லிட்டர் என்று வையுங்கள். 15 குடம் என்றால் 225 லிட்டர், அதாவது 225 கிலோ. தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று தூக்கினாலும் எட்டு நடை. இந்த வயதில் இடுப்பில் ஒன்றுதான் என்றால் பதினைந்து நடை. இது ஒரு நாள் கணக்கு. நீங்கள் செடி வைத்தது தை மாதம். அது காய்க்கிற நேரம் பங்குனி, சித்திரை. வெயில் ஏற ஏற மணல் தரை தண்ணீரை உறிஞ்சும். ஊருணியில் தண்ணீர் இறங்கும். மாசியில் மூன்று படி இறங்கி மொண்டவர் சித்திரையில் பத்துப் படி இறங்கியிருப்பார். பாசி பிடித்த படி, நிறைகுடம், இருட்டு. நீங்கள் எழுந்து காபி போடும்போது செடி நனைந்திருந்தது, அதனால் உங்களுக்குக் கவலையில்லை.

அப்படிச் சுமந்த தண்ணீரில் காய்த்த கத்தரிக்காயைத்தான் ஆட்டுக்குப் போட்டிருக்கிறீர்கள். அதை அவர் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். இந்த வருஷம் ஒன்றும் போடாதே என்று அவர் சொல்வது வயதுக் கோளாறு இல்லை. 'என்னால் முடியவில்லை' என்று மருமகளிடம் சொல்ல வாய் வராத ஒரு பெரிய மனுஷி வேறு எப்படிச் சொல்வார்?

என் அப்பத்தாவும் குடம் சுமந்தவர்தான். கடைசிக் காலத்தில் அவரைக் குளிப்பாட்டியது நான். இடது இடுப்பில், குடம் உட்காரும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்துத் தடித்துக் கிடந்தது. தேய்த்தால் போய்விடும் என்று நினைத்துத் தேய்த்தேன். போகவில்லை. 'தெம்பாக இருக்கிறார்கள்' என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது அந்த இடம்தான் என் கைக்கு நினைவு வந்தது.

இன்னொன்றும் கேட்கிறேன். 14 வயதுப் பையன் வீட்டில் இருக்கிறான். உங்கள் கடிதத்தில் அவன் சாப்பிடுகிற நாலு பேரில் ஒருவன், அவ்வளவுதான். அப்பத்தா எட்டு நடை நடக்கும்போது அவன் எங்கே இருந்தான்? படிக்கிற பிள்ளை என்று சொல்லாதீர்கள். அரை மணி நேரம் தண்ணீர் எடுத்ததால் எந்தப் பிள்ளையின் படிப்பும் கெட்டதில்லை. வயதானவர் சுமக்க வயசுப் பிள்ளை தூங்குகிற வீட்டை நான் நல்ல வீடு என்று சொல்ல மாட்டேன். உங்கள் கணவர் தன் தாயை உங்களை நம்பித்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கும் இந்த 15 குடம் தெரியுமா? தெரியாதென்றால் இன்றைக்கே போனில் சொல்லுங்கள். தள்ளுவண்டி வாங்கப் பணம் அனுப்பட்டும். நம் மாவட்டத்தில் பெண்கள் நாலைந்து குடத்தை அடுக்கித் தள்ளிக்கொண்டு போகிற அந்த வண்டிதான்.

சரி, செடிக்கு வருகிறேன். நம் கடற்கரையில் தோட்டத்தின் அளவை நிலம் தீர்மானிப்பதில்லை, குடம்தான் தீர்மானிக்கும். உங்கள் வீட்டில் யார், எத்தனை குடம், எத்தனை மாதம் தூக்க முடியும் என்று முதலில் முடிவு பண்ணுங்கள். மழை இல்லாத நாளில் 5, 6 குடத்துக்கு மேல் கேட்கிற தோட்டம் உங்களுக்கு வேண்டாம். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் என்று சேர்த்தால் ஒரு குடமாவது வீட்டிலேயே தேறும். மிச்சத்தைப் பையன் எடுத்து வரட்டும், நீங்களும் கூடப் போங்கள். குடிக்கிற ஊருணியாக இருந்தால் செடிக்கு அள்ளலாமா என்று ஊரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தண்ணீருக்கு வெண்டை 12 செடி போதும். ஒன்று விட்டு ஒரு நாள் பறித்தால், வாரத்துக்கு நாலு பேர் சாப்பிட ஒரு பொரியலுக்குக் காய் கிடைக்கும். கத்தரி 6, அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். கத்தரி ஒருமுறை காய்க்கத் தொடங்கினால் மாதக்கணக்கில் விடாது, உங்கள் 30 செடி மிச்சப்பட்டது அதனால்தான். மிளகாய் 4, தக்காளி 3. வேலியோரம் ஒரு குழியில் பீர்க்கையோ புடலையோ இரண்டு கொடி. கீரைக்கு நாலடிக்கு மூன்றடியில் இரண்டு பாத்தி போடுங்கள். ஒன்றில் விதைத்து 15 நாள் கழித்து மற்றதில் விதையுங்கள், இரண்டையும் ஒரே நாளில் விதைத்தால் ஒரே நாளில் முற்றும். முருங்கை ஒன்று இல்லையென்றால் ஒரு போத்தை, அதாவது வெட்டிய கிளையை, நட்டுவிடுங்கள். வேர் பிடித்தபின் அது யாரிடமும் தண்ணீர் கேட்காது.

தைப்பட்டத்தை விட்டுவிடுங்கள். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். இப்போது ஆவணி நடக்கிறது. கத்தரி, மிளகாய், தக்காளிக்கு இப்போதே நாற்றுப் பாவுங்கள், வெண்டையைப் புரட்டாசி பிற்பாதியில் நேராக ஊன்றுங்கள். மழை வந்துவிட்டால் பல நாள் குடத்தையே தொட வேண்டியிருக்காது. அந்த மழைதான் மண்ணில் இருக்கிற உப்பையும் கீழே இறக்கும். கோடையில் ஈரம் காய்ந்தால் உப்பு மேலே வந்து வெள்ளையாகப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள், அப்போது செடி வளர்ப்பது மண்ணோடு மல்லுக்கட்டுவது. மழைத் தண்ணீர் தேங்கி வேர் அழுகாமல் இருக்க மேட்டுப்பாத்தியாகப் போடுங்கள். கடல் பக்கம் பனைமட்டையால் ஒரு வேலி, உப்புக்காற்றுக்கு. செடியடியில் சருகைக் கனமாகப் பரப்பினால் மணலில் ஈரம் நிற்கும். மாசி முடிந்ததும் முருங்கையைத் தவிர எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். பங்குனி, சித்திரையில் காயைச் சந்தையில் வாங்குங்கள். அது செலவு இல்லை, உங்கள் மாமியாரின் முழங்கால்.

இவ்வளவு சொன்ன பிறகும், நான் சொன்ன எண்ணிக்கையில் நாளைக்கே விதை வாங்கப் போக வேண்டாம். என்ன போடலாம் என்று அத்தையிடம் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அந்த மணலில் எது வரும், எது கருகும் என்று என்னைவிட அவருக்குத் தெரியும். நாளை விடியற்காலையில் அவருக்கு முன்னால் எழுந்து குடத்தை நீங்கள் எடுங்கள், பையனையும் எழுப்புங்கள். திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, இந்த வருஷம் தண்ணீர் நாங்கள் எடுக்கிறோம். உங்களுக்கு எந்தக் காய் வேண்டும்?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வார். இரண்டாவது முறையும் கேளுங்கள். அவர் என்ன கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.