ஏர் ஆம்புலன்ஸ்: எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள ஐயா,

ஏர் ஆம்புலன்ஸ் கம்பெனிகள் எப்படித் தோன்றி வளர்ந்தன? விமான நிலையமே இல்லாத நம் குமரி மாவட்டத்துக்கு அப்படியொன்று நடக்குமா?

தக்கலை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நடக்கும். விமானம் வாங்குவதை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1928இல் ஆஸ்திரேலியாவின் குளோன்கரியில் ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் பறக்கும் மருத்துவர் சேவையைத் தொடங்கியபோது விமானம் குவாண்டாஸிடம் வாடகைக்கு எடுத்ததுதான். தூரத்துப் பண்ணைகளிலிருந்து டாக்டருக்குத் தகவல் சொல்லத்தான் வழியில்லை. மறுவருடம் ஆல்ஃபிரட் டிரேகர் காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் வயர்லெஸ்ஸைச் செய்துகொடுத்த பிறகே அது வேர்பிடித்தது. சுவிட்சர்லாந்தின் விமான மீட்புச் சேவையான ரேகா 1952இல் பிறந்து, பணமில்லாமல் தடுமாறி, 1966இல் பொதுமக்களிடம் ஆண்டுச் சந்தா கேட்டு நிமிர்ந்தது. பறக்காத நாளிலும் பைலட் சம்பளம், பராமரிப்பு, காப்பீடு எல்லாம் உண்டு. நோயாளி தரும் கட்டணத்தை மட்டும் நம்பினால் தாங்காது.

நமக்குப் பக்கத்து விமான நிலையம் திருவனந்தபுரம். நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலில் இரண்டு மணி நேரம் போய்விடும். விமானத்தில் ஏற்றி முடிக்க இன்னும் ஒரு மணி நேரம் வையுங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஆக்சிஜன் என்றால் மொத்தம் 1,800 லிட்டர். பி டைப் சிலிண்டரில் இருப்பது சுமார் 1,500தான், அதாவது இரண்டரை மணி நேரம். பறக்கும் நேரத்தை மட்டும் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஓடுபாதை அருகிலேயே சிலிண்டர் காலியாகும். நிரம்பியதாக இரண்டு வேண்டும்.

விபத்தில் விலா முறிந்தவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பறக்கும்போது கேபினுக்குள் அழுத்தம் 8,000 அடி மலையில் இருப்பதைப் போலக் குறையலாம். முறிந்த விலா குத்தி நுரையீரலைச் சுற்றிச் சிக்கிய காற்று அப்போது மூன்றில் ஒரு பங்கு விரியும். ஆகவே அந்தக் காற்றை வெளியேற்றும் நெஞ்சுக் குழாயை ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே போட்டுவிட வேண்டும். ஆடும் கேபினில் அதைச் செய்வது பெரும் ஆபத்து. வென்டிலேட்டர் குழாயைச் சுற்றியுள்ள கஃப் என்ற சிறு காற்றுப் பை மேலே போகும்போது உப்பி மூச்சுக்குழாயை அழுத்தும், இறங்கும்போது சுருங்கிக் கசியும். இரண்டு முறையும் அளவுகருவி வைத்துப் பார்க்க வேண்டும். புதிதாகப் போட்ட மாவுக்கட்டை நீளவாக்கில் பிளந்து விடுவதும் அவசியம், உள்ளே கால் வீங்கினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும்.

ஆகவே நான் தொடங்கச் சொல்வது, நல்ல ஐசியூ ஆம்புலன்ஸ் இரண்டு, இரவும் பகலும் ஆள் இருக்கும் ஒரு ஃபோன், ஏற்கெனவே அனுமதி பெற்ற விமானக் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம். ஊர் வரி பிரித்துப் பழகிய மாவட்டம் இது. வீட்டுக்கு ஓர் ஆண்டுச் சந்தா இங்கே செல்லும் என்று உறுதியாக நம்புகிறேன். அந்த ஃபோனில் இருப்பவர் முதலில் கேட்க வேண்டியது, போய்ச் சேரும் மருத்துவமனையில் யார் பெயரில் எந்தப் படுக்கை உறுதியாகியிருக்கிறது என்பதை. அது தெரியாமல் வண்டியை எடுக்கவே கூடாது.