வடக்கு என்றால் மேலே இல்லை

கேள்வி: நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரில்) இருக்கிறோம். நான் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறேன். மகன் மூன்றாம் வகுப்பு. சமூக அறிவியல் கேள்வி-பதிலை எல்லாம் கடகடவென்று ஒப்பிக்கிறான். ஆனால் வரைபடத்தைக் கொடுத்து, நம் மாவட்டத்துக்கு வடக்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வருகிறான். வாசலில் நிறுத்தி வடக்கு எது என்றேன், மேட்டுத் தெருவைக் காட்டுகிறான். ஒருவர் வீட்டுக்கே வந்து, உலக உருண்டை, அட்லஸ், 12 பயிற்சிப் புத்தகம் எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய், மாதத் தவணையில் கட்டலாம், 500 முன்பணம் போதும் என்கிறார். வாங்கலாமா? டியூஷனில் சேர்க்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், அம்மா. டியூஷனும் வேண்டாம். உங்கள் மகனுக்கு மூளையில் ஒரு குறையும் இல்லை. அவன் மேட்டுத் தெருவைக் காட்டியதற்குக் காரணம் இருக்கிறது.

வகுப்பில் வரைபடத்தைச் சுவரில் மாட்டுகிறோம். "மேலே இருப்பது வடக்கு, கீழே இருப்பது தெற்கு" என்று சொல்லிக்கொடுக்கிறோம். சமவெளிப் பிள்ளைக்கு மேலே என்றால் வானம், அவ்வளவுதான். நம் பிள்ளைக்கு அப்படி இல்லையே! ஊட்டிக்கு "மேலே போறோம்", மேட்டுப்பாளையத்துக்கு "கீழே இறங்குறோம்" என்றுதான் பிறந்ததிலிருந்து கேட்கிறான். அதனால் ஏறுகிற பக்கம் எல்லாம் வடக்கு, இறங்குகிற பக்கம் எல்லாம் தெற்கு என்று அவனாகவே முடிவுகட்டிவிடுகிறான். கோத்தகிரியிலிருந்து ஊட்டி கிட்டத்தட்ட நேர் மேற்கு. வரைபடத்தில் இடதுபக்கம் இருக்கும். அவன் அதை மேலே தேடியிருப்பான். கிடைத்திருக்காது. தாளை வெறுமையாக விட்டுவிட்டான்.

இதைச் சரிசெய்ய 6,500 ரூபாய் வேண்டாம், ஒரு குச்சியும் சாக்பீஸும் போதும்.

வெயில் அடிக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சிவேளையை ஒட்டி, மட்டமான தரையில் குச்சியை நேராக நிறுத்தச் சொல்லுங்கள். நிழலின் நுனியில் ஒரு கல் வைக்கட்டும். அரை மணி கழித்து நுனி நகர்ந்திருக்கும், அங்கே இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கல் கிழக்கு. கிழக்கைப் பார்த்து நின்றால் இடதுகைப் பக்கம் வடக்கு. ஏன் அப்படி என்ற விளக்கம் இந்த வயதுக்கு வேண்டாம். சூரியன் எழுகிற பக்கம் கிழக்கு என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். நம் பக்கம் மலை மறைத்து, வெயில் வேறு இடத்தில்தான் எட்டிப் பார்க்கும். மார்கழியில் உதிக்கிற இடமும் ஆடியில் உதிக்கிற இடமும் ஒன்றல்ல.

வடக்கு தெரிந்ததும், தரையிலேயே சாக்பீஸால் உங்கள் வீட்டை வரையட்டும். பிறகு தண்ணீர்க் குழாய், கோயில், பள்ளி, இலை எடை போடுகிற கொட்டகை. படம் தரையில் படுத்திருக்க வேண்டும், அதில் உள்ள வடக்கு நிஜ வடக்கைப் பார்த்திருக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். புத்தக வரைபடத்தையும் சில நாள் தரையில் போட்டு, வடக்கைத் திருப்பி வைத்துப் பார்க்கப் பழக்குங்கள்.

முடிந்தால் ஒரு நாள் பஸ்ஸில் கோடநாடு காட்சிமுனைக்குக் கூட்டிப்போங்கள். நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போனபோது மஞ்சு கலைந்து மாயாறு பள்ளத்தாக்கு ஒரேயடியாகத் திறந்தது. வடக்கே கை நீட்டச் சொன்னேன். ஒரு பையன் நீட்டினான், கை எங்கே போகிறது என்று பார்த்தான், அப்படியே நின்றுவிட்டான். "டீச்சர், வடக்கு கீழே இருக்கு!" என்றான். கம்பியைப் பிடித்துக்கொண்டு மாயாற்றையும் தன் கையையும் மாறிமாறிப் பார்த்த அந்த முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அந்த மாயாறு பவானியில் சேர்கிறது, பவானி காவிரியில், காவிரி பூம்புகாரில் கடலில். கூடலூர், பந்தலூர் பக்கம் பெய்கிற மழையில் ஒரு பங்கு சாலியாறு வழியாக அரபிக்கடலுக்குப் போகிறது. ஒரே மாவட்டத்து மழை இரண்டு கடலுக்கு! இதைவிடப் பெரிய பாடத்தை எந்த அட்லஸ் சொல்லிக்கொடுக்கும்?

அந்த விற்பனையாளர் விஷயத்துக்கு வருகிறேன். இலை எடை போடும்போது ஈரக் கழிவு என்று கிலோவைக் குறைப்பதை நீங்கள் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பீர்கள் அல்லவா, இவரையும் அப்படியே பாருங்கள். "பள்ளியில் சொல்லி அனுப்பினார்கள்" என்பார். உண்மையா என்று தலைமையாசிரியரிடம் நேரில் கேளுங்கள். உண்மையாகவே இருந்தாலும் வாங்கியே தீர வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. "ஐந்தாம் வகுப்பிலேயே பொதுத்தேர்வு வரப்போகிறது" என்று பயமுறுத்துவார். அப்படி ஒரு அறிவிப்பு வந்தது நிஜம். 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டார்கள். ஆனால் அறிவித்துக் குழப்பிய அந்தச் சில மாதங்களில் இந்த மலையில் எத்தனை வீட்டில் கடன் வாங்கிப் புத்தகக் கட்டு வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டுகளைப் பிரிக்காமலே பரணில் போட்டிருந்ததையும் பார்த்திருக்கிறேன். மேலிடத்தில் யோசிக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள், தவணை கட்டுவது கூலிக்குப் போகிற பெண்கள். தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக் நகல், காசோலை எதையும் கொடுக்காதீர்கள்.

டியூஷனுக்கும் அதே பதில்தான். பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கவே கூடாது என்று 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. மூன்றாம் வகுப்புச் சமூக அறிவியலுக்கு டியூஷன் போனால் அதே கேள்வி-பதிலை இன்னும் வேகமாக ஒப்பிப்பான், அவ்வளவுதான் நடக்கும்.

டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வகுப்பை ஒன்றாக உட்காரவைத்துக்கொண்டு, நடுநடுவே எமிஸ் என்கிற இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவும் முடித்தாக வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர்கள் நோட்டு நிரம்பியிருக்கிறதா, சிவப்பு மையில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிள்ளையை வாசலுக்குக் கூட்டிப்போய் வடக்கைக் காட்டு என்று கேட்ட ஒரு அதிகாரியை என் 31 வருட வேலையில் நான் பார்த்ததில்லை. இரண்டாம் வகுப்புவரை சூழ்நிலையியலாக இருந்தது மூன்றில் சமூக அறிவியல் என்று தனிப் பாடமாகிறது. புத்தகம் வந்ததும் வாசலை மூடிவிடுகிறோம்.

செயல்திட்டம் என்று கேட்டால் கடையில் செய்துவைத்த தெர்மாகோல் மாதிரியை வாங்காதீர்கள். நீங்கள் பறிக்கிற கொழுந்து எடைக் கொட்டகை, லாரி, தொழிற்சாலை, குன்னூர் ஏலம் என்று எப்படிப் போகிறது என்பதை அவன் கையால் வரைந்து கொண்டுபோகட்டும். வளரறி மதிப்பீட்டின் (பருவத் தேர்வு போக, வகுப்பிலேயே போடுவது) 40 மதிப்பெண் இந்த மாதிரி வேலைக்காகவும்தான்.

மனப்பாடமே கூடாதா என்று கேட்பீர்கள். ஒன்றே ஒன்றுக்கு விலக்கு உண்டு. அதைக் கண்டிப்பாக மனப்பாடம் செய்யவைக்க வேண்டும். தன் முழுப் பெயர், அப்பா அம்மா பெயர், ஹட்டியின் பெயர், தாலுகா, மாவட்டம், உங்கள் கைபேசி எண், சிறார் உதவி எண் 1098. ஒரு மே மாதம், மலர்க்காட்சிக் கூட்டத்தில் ஊட்டி பஸ் நிலையத்தில் ஒரு சிறுமி அழுதுகொண்டு நின்றாள். எந்த ஊர் என்றால் "எங்க ஹட்டி" என்கிறாள். அம்மா பெயர் கேட்டால் "அம்மா" என்கிறாள். இந்தியாவின் தலைநகர் எது என்று கேட்டேன், உடனே சொன்னாள். வீட்டாரைக் கண்டுபிடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. எண்ணை வேகமாக ஒப்பித்தால் போதாது, நடுவில் நிறுத்தி "கடைசி நாலு எண் என்ன?" என்று கேளுங்கள். தூங்கி எழுந்ததும் கேளுங்கள். வேறு ஒருவர் கைபேசியைக் கொடுத்து அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் எண்ணை மாற்றினால் அன்றைக்கே அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். வீட்டில் படுகு பேசுவீர்கள் என்றால், முகவரியைத் தமிழிலும் சொல்லப் பழக்குங்கள். பஸ் நிலையத்தில் விசாரிக்கிறவருக்குப் படுகு தெரிந்திருக்க வேண்டுமே.

முன்பணம் 500 ஏற்கெனவே கொடுத்திருந்தால், ரசீது இருக்கிறதா என்று பார்த்து, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால் அந்த 500-ஓடு நிற்கட்டும். அதற்காக மிச்ச 6,000-ஐக் கட்டாதீர்கள்.