கந்தஹாரில் காபிக் கடை – கடிதமும் பதிலும்

ஐயா,

என் அத்தான் துபாய் ஏஜென்சி ஒன்றின் மூலமாக ஆப்கானிஸ்தான் போய், 2009 வாக்கில் கந்தஹார் ராணுவ முகாமில் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவர். ஊருக்கு வந்தால் போரைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். முகாமுக்குள் கனடாக்காரர்களின் காபிக் கடை, ஹாக்கி மைதானம், மலக்கழிவு ஏரி என்று ஒரே சிரிப்புக் கதைகள்தான். அளக்கிறாரோ என்று எங்களுக்குச் சந்தேகம். உண்மையே என்றாலும், சாவு நடக்கும் இடத்தில் சிரிப்பும் கேலியுமாக இருப்பது சரியா?

(சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வாசகர். பெயர் வேண்டாம் என்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அத்தான் அளக்கவில்லை. அமெரிக்கா, கனடா உள்ளிட்ட நேட்டோ நாட்டுப் படைகள் தங்கியிருந்த முகாம் அது. கனடாவின் டிம் ஹார்ட்டன்ஸ் காபிக் கடை 2006 முதல் 2011 வரை அதற்குள் நடந்தது. பக்கத்திலேயே மரப்பலகை நடைபாதை, அதையொட்டிக் கடைகள், நடுவில் பனிக்கட்டி இல்லாமல் பந்தை வைத்து ஆடும் ஹாக்கி மைதானம். ராக்கெட் விழப்போகிறது என்று சைரன் ஊதினால் இருந்த இடத்திலேயே குப்புறப் படுத்துவிட்டு, அப்புறம் பதுங்குகுழிக்கு ஓட வேண்டும். காபி வரிசையில் நின்றவர்களுக்கும் அதே விதிதான். திரும்பி வந்ததும் யார் முன்னால் நின்றது என்று தகராறு வருமா என்று நான் யோசித்ததுண்டு.

ஏரியும் நிஜம். சில ஆயிரம் பேருக்குப் போட்ட முகாமில் போகப் போகப் பல மடங்கு ஆட்கள் சேர்ந்தார்கள். அத்தனை பேரின் கழிவும் அந்தத் திறந்த குட்டையில்தான் போய் விழுந்தது. காற்று திரும்பினால் சாப்பாட்டுக்கூடம் வரை நாறும். பந்தயம் கட்டி ஒருவன் அதில் நீந்திக் கரையேறினான் என்று ஒரு கதை உலவியது. அவன் எந்த நாட்டுக்காரன் என்பது மட்டும் சொல்பவரைப் பொறுத்து மாறும். சொல்பவரின் நாடாக மட்டும் இருக்காது.

2010இல் மேலிடத்துக்கு இந்தக் கடைகள் உறுத்தின. இது போர்க்களம், கேளிக்கைப் பூங்கா இல்லை என்று சொல்லி, ஆப்கானிஸ்தானில் அமெரிக்க, நேட்டோ படைகளின் தளபதியாக இருந்த ஜெனரல் மெக்கிரிஸ்டல் காலத்தில் பர்கர், பீட்சா கடைகளை மூட உத்தரவு போட்டார்கள். சில மாதங்களில் அவர் பதவி போனது, அடுத்து வந்த பெட்ரேயஸ் சிலவற்றைத் திரும்பத் திறக்க விட்டார். வீரர்கள் சிரிப்பதற்குத் தனியாக ஜோக் எழுத வேண்டியதே இல்லை, பாருங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அவர்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கவனியுங்கள். எதிரி அதில் அபூர்வமாகத்தான் வருவான். கக்கூஸ், சாப்பாடு, மேலதிகாரி, ஒரே மாதிரி விடிகிற நாட்கள், இவைதான் வரும். ராணுவத்தில் மேலே இருப்பவரிடம் முறையிடுவது லேசில் நடக்காது. தங்களுக்குள் கேலி பேசிச் சிரிப்பது அதைவிட எளிது. நான் இதைப் புலம்பலின் இன்னொரு வடிவம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்க வீரர்களின் பொட்டலச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சூடாக்க ஒரு பை வரும். தண்ணீர் ஊற்றினால் உள்ளிருக்கும் மக்னீசியத் தூள் அதோடு வினைபுரிந்து சூடேறும். பையைச் சற்றே சாய்த்து வைக்க வேண்டும். எதன்மேல் சாய்ப்பது? விளக்கப் படத்தில் ஒரு கல்லை வரைந்து, பக்கத்தில் 'கல் அல்லது வேறு ஏதாவது' என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆயிரம் விதிமுறை போடும் ராணுவம், கல் விஷயத்தில் மட்டும் வீரனின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அந்த வரி அவர்களிடையே நிரந்தர நகைச்சுவை. அதே பொட்டலத்தில் முன்பு சார்ம்ஸ் என்ற மிட்டாய் வரும். ஈராக் போன மரீன் வீரர்கள் அதை அபசகுனம் என்று தூக்கி எறிவார்கள். எலுமிச்சை மிட்டாய் தின்றால் வண்டி மக்கர் பண்ணும் என்பது நம்பிக்கை. பயத்தை நேரே சொல்லக் கூச்சம், மிட்டாயின்மேல் பழி.

விளையாட்டுச் சாமான் உயிர் காத்ததும் உண்டு. பிறந்தநாள் விழாக்களில் பீய்ச்சுகிற நுரைநூல் ஸ்பிரேயை ஈராக்கில் வீடுகளுக்குள் நுழையும் முன் அறைக்குள் அடித்தார்கள். கால் பட்டால் குண்டை வெடிக்கவைக்கும் மெல்லிய கம்பி கண்ணுக்குத் தெரியாமல் கட்டியிருந்தால், நுரை அதன்மேல் தொங்கிக் காட்டிக்கொடுக்கும்; நுரை லேசானது என்பதால் குண்டு வெடிக்காது. நியூ ஜெர்சியில் ஒரு வீரனின் தாயார் அந்த டப்பாக்களை ஆயிரக்கணக்கில் திரட்டி அனுப்பினார்.

எல்லாச் சிரிப்புக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அந்த ஊர் மக்களைக் கேலி செய்யும் ஜோக்குகளும் நிறைய. சொந்த வீட்டு வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் அந்நியனின் ஜோக்குக்கு அவர்கள் எப்படிச் சிரிப்பார்கள்?

இன்னொன்று. வீரர்களின் கதைகள் புத்தகம் புத்தகமாக வந்துவிட்டன. அவர்களுக்குச் சமைத்துப்போட்ட இந்தியர்கள், நேபாளிகள், பிலிப்பைன்ஸ்காரர்கள் அந்தக் கதைகளில் தட்டோடு வந்து தட்டோடு போகிறார்கள். சமையற்கூடத்துக்குள் வீரர்களைப் பற்றி என்ன ஜோக் ஓடியது என்று அத்தானிடம் கேட்டு எழுதுங்கள். அவர் பெயர் இல்லாமலே போடுகிறேன்.