போனை அலங்கரிப்பதா, வந்தபடியே விடுவதா? சில கேள்விகள், சில பதில்கள்

லாஞ்சர் (ஹோம் ஸ்கிரீனை நடத்தும் செயலி), தீம் (நிறமும் ஐகானும் சேர்ந்த தோற்றம்), விட்ஜெட் (ஹோம் ஸ்கிரீனிலேயே தகவல் காட்டும் சிறு பெட்டி) என்று போனை மாற்றிப் பார்ப்பதில் எனக்குப் பல வருடப் பழக்கம். வீட்டில் மற்றவர்களுடைய போன்களைச் சரிசெய்து கொடுப்பதும் நான்தான். அதனால் இரண்டு பக்கமும் தெரியும். கேட்கப்பட்ட கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன்.

கேள்வி: அண்ணா, என் நண்பன் போன் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருக்கிறான். என் போனில் ஐகான், தீம், விட்ஜெட் எல்லாம் நானே தேடிப் போட்டவை. "இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு" என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: விளையாட்டுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. நாள் முழுக்கக் கையில் இருக்கும் பொருள் நம்முடையது மாதிரி இருக்க வேண்டும் என்ற ஆசை ஸ்மார்ட்போனுக்கு முன்பே இருந்தது. 1998-ல் வந்த நோக்கியா 5110-ல் முன்பக்க மூடியைக் கழற்றி வேறு நிறம் மாட்டலாம். அதனால் பேசும் வசதி ஒன்றும் கூடவில்லை. ஆனாலும் மக்கள் ஆசையாக மாட்டினார்கள்.

உங்கள் நண்பரின் போனும் யாரோ அலங்கரித்ததுதான். எந்த நிறம், எவ்வளவு இடைவெளி, எந்த ஐகான் எங்கே என்று ஒரு குழு உட்கார்ந்து யோசித்து முடிவு செய்திருக்கிறது. அந்த ரசனை அவருக்குப் பிடித்திருக்கிறது, உங்களுக்குப் போதவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த இரண்டு வழிகளும் ஒன்றை நோக்கி ஒன்று நடந்து வந்திருப்பதைப் பாருங்கள். 2007-ல் வந்த முதல் ஐபோனில் ஹோம் ஸ்கிரீன் பின்னணி கறுப்பு மட்டும்தான். அங்கே வால்பேப்பர் வைக்க 2010-ல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 4 வரவேண்டியிருந்தது. ஹோம் ஸ்கிரீனில் விட்ஜெட் வைக்க 2020 வரை, ஐஓஎஸ் 14 வரை காத்திருந்தார்கள். ஐகானை நடுவில் இடம் விட்டு விரும்பிய கட்டத்தில் வைக்கும் வசதி 2024-ல் ஐஓஎஸ் 18-ல்தான் வந்தது. ஆண்ட்ராய்டில் வெளி நிறுவனங்களின் விட்ஜெட்டுகள் 2009-லேயே உண்டு. ஆனால் அந்தப் பக்கம் வேறு சிக்கல்: எல்லாவற்றையும் திணித்துத் திணித்துத் திரை சந்தை மாதிரி ஆகிவிட்டது. 2018-ல் சாம்சங் தன் ஆண்ட்ராய்டு போன்களுக்கு 'ஒன் யூஐ' என்ற புதுத் திரை அமைப்பைக் கொண்டு வந்தபோது செய்த முக்கியமான வேலை ஒழுங்குபடுத்தியதுதான். பார்க்க வேண்டியதை மேலே வைத்தார்கள், தொட வேண்டியதைக் கட்டைவிரல் எட்டும் கீழ்ப்பாதிக்குக் கொண்டு வந்தார்கள்.

இன்னும் மாற்ற வேண்டும் என்பவர்களுக்கு 2016 முதலே 'குட் லாக்' என்று தனி செயலி வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. உள்ளே போக ஒரு கதவு இருக்கிறது, ஆனால் திறந்து போடவில்லை. தேடி வருகிறவர் திறந்துகொள்ளலாம்.

கேள்வி: லாஞ்சர் மாற்றி, ஆறு விட்ஜெட், அசையும் வால்பேப்பர் எல்லாம் போட்ட பிறகு போன் திக்குகிறது. எது காரணம்?

பதில்: வால்பேப்பர் மேல்தான் முதலில் சந்தேகப்படுவோம். ஆனால் ஒழுங்காக எழுதப்பட்ட லைவ் வால்பேப்பர், ஹோம் ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் மட்டும் ஓடும். நீங்கள் வேறு செயலியில் இருக்கும்போது நின்றுவிடும். நான் முதலில் பார்ப்பது அடிக்கடி இணையத்தில் தகவல் எடுக்கும் விட்ஜெட்டுகளை: வானிலை, செய்தி, விளையாட்டு ஸ்கோர். அவற்றின் புதுப்பிக்கும் இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது லாஞ்சர். நினைவகம் குறைவான போனில் சிஸ்டம் பின்னணியில் இருக்கும் லாஞ்சரையே மூடிவிடும். ஹோம் பட்டனை அழுத்தியதும் ஐகான்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காரும், பார்த்திருப்பீர்கள். பேட்டரி அமைப்பில் லாஞ்சருக்கு விலக்கு கொடுத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் உங்களால் சரிசெய்ய முடியாது. ஆண்ட்ராய்டு 9 முதல், சமீபத்தில் திறந்த செயலிகளைக் காட்டும் திரை போனோடு வரும் லாஞ்சரோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அதனால் வெளி லாஞ்சரில் கீழிருந்து மேலே தள்ளும்போது அசைவு ஒரு நொடி தடுமாறும். அது உங்கள் தவறு இல்லை.

கேள்வி: கறுப்பு வால்பேப்பர் வைத்தால் பேட்டரி மிச்சமாகுமா?

பதில்: ஓஎல்இடி திரை என்றால் ஆகும். கறுப்புப் புள்ளி அங்கே அணைந்தே இருக்கும். எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் பயனில்லை.

கேள்வி: அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. புதுப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். பெரிய எழுத்து, அழகான ஒரே நிற ஐகான்கள் எல்லாம் போட்டு எளிமையாக அமைத்துத் தரலாம் என்று நினைக்கிறேன். யோசனை சொல்லுங்கள்.

பதில்: பெரிய எழுத்து, சரி. ஒரே நிற ஐகான், தயவுசெய்து வேண்டாம்.

நான் இதே தவறைச் செய்தவன். என் அம்மா ஊருக்குப் போகுமுன் அவருடைய போனைச் சுத்தம் செய்கிறேன் என்று ஐகான்களை வரிசை மாற்றி, எல்லாவற்றையும் இளநீலமாக்கிக் கொடுத்தேன். பார்க்க அருமையாக இருந்தது. இரண்டு நாள் அவரால் யாரையும் கூப்பிட முடியவில்லை. "கீழே இடது ஓரத்தில் பச்சையாக இருக்குமே, அது எங்கே போச்சு?" என்று பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர் எழுத்தைப் படிக்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. இடத்தையும் நிறத்தையும்தான் மனதில் வைத்திருந்தார்.

நாமும் அப்படித்தான். கண் ஒரு திரையில் தேடும்போது நிறத்தைத்தான் மிக விரைவாகப் பிடிக்கிறது. 2021-ல் ஆண்ட்ராய்டு 12 வால்பேப்பரிலிருந்து நிறம் எடுத்துத் திரை முழுக்கப் பூச ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு 13-ல் வெளிச் செயலிகளின் ஐகான்களுக்கும் அதே நிறம் பூச முடிந்தது. ஐஓஎஸ் 18-லும் இப்படி நிறம் ஏற்றலாம். தூரத்திலிருந்து பார்க்க எளிமையாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு செயலிக்கும் இருந்த அடையாளத்தில் பாதி போய்விடுகிறது. பார்வைக்கு எளிமை, பயன்பாட்டுக்கு எளிமை இரண்டும் வேறு என்பதை நான் அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன்.

செய்ய வேண்டியது இதுதான். சாம்சங் என்றால் 'ஈஸி மோட்' இருக்கிறது. ஐபோன் என்றால் 2023-ல் ஐஓஎஸ் 17-ல் வந்த 'அசிஸ்டிவ் ஆக்சஸ்' இருக்கிறது. அது திரையையே சில பெரிய கட்டங்களாக மாற்றிவிடும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் பழைய போனில் எந்தச் செயலி எங்கே இருந்ததோ அதே இடத்தில் வையுங்கள். அப்புறம் ஹோம் ஸ்கிரீன் அமைப்பைப் பூட்டிவிடுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் அந்த வசதி உண்டு. விரல் அழுந்தி ஐகான் நகர்ந்து போகாது. எழுத்தைப் பெரிதாக்கியதும் தமிழில் சில திரைகளைத் திறந்து பாருங்கள். கொம்பு, சுழி, மேல்புள்ளி வெட்டுப்படாமல் இருந்தால் போதும். கடைசியாக, நீங்களே அமைத்துக் கொடுத்துவிட்டுப் போகாமல் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து "இது எங்கே இருக்கட்டும்?" என்று கேட்டுக் கேட்டு வையுங்கள்.

கேள்வி: 'நத்திங்' என்ற நிறுவனத்தின் போனில் முதுகில் எரியும் விளக்குகள் வெறும் பகட்டா?

பதில்: 2022-ல் முதல் போன் வந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு மனம் மாறியது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி விளக்கு வரிசை வைக்கலாம். போனைக் கவிழ்த்து வைத்தாலும் கூப்பிடுவது யார் என்று தெரிந்துவிடும். முன்பெல்லாம் பல ஆண்ட்ராய்டு போன்களில் மூலையில் ஒரு சின்ன விளக்கு இருந்தது. செயலிக்கு ஒரு நிறம் என்று அமைத்துக்கொள்ளலாம். திரையின் ஓரங்களைக் குறைத்துக் குறைத்து அதை எடுத்துவிட்டார்கள், எனக்கு அது பெரிய இழப்பு. திரையைத் திறக்காமலே ஒரு செய்தி தெரிகிறது என்றால் அந்த விளையாட்டுக்கு உபயோகம் இருக்கிறது. நான்கு பேருக்கு மேல் தனி வரிசை வைக்காதீர்கள், நினைவில் நிற்காது.

கேள்வி: ஐயா, ரூட் செய்து (போனின் முழுக் கட்டுப்பாட்டையும் கையில் எடுத்து) கஸ்டம் ரோம், அதாவது வெளியார் உருவாக்கிய இயங்குதளம், போடலாமா? இன்னும் அதில் பயன் உண்டா?

பதில்: அன்றாடம் பயன்படுத்தும் போனில் வேண்டாம். பெட்டியில் தூங்கும் பழைய போனில் தாராளமாகச் செய்யுங்கள்.

2009-ல் தொடங்கிய சயனோஜென்மாட் என்ற கஸ்டம் ரோம் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஒரு செயலிக்கு எந்த அனுமதியைக் கொடுப்பது, எதை மறுப்பது என்று நாமே முடிவு செய்யும் வசதி அதில் இருந்தது. 2015-ல் ஆண்ட்ராய்டு 6 எல்லோருக்கும் அதைத் தருவதற்கு முன்பே இருந்தது. விளையாடியவர்கள் முதலில் செய்து பார்த்தது, பிறகு எல்லோருடைய போனுக்கும் வந்தது. 2016 கடைசியில் அது நின்றுபோனாலும் லினேஜ்ஓஎஸ் என்ற பெயரில் தொடர்கிறது. நிறுவனம் அப்டேட் நிறுத்திவிட்ட போனுக்கு அது நிஜமாகவே இன்னொரு ஆயுள்.

ஆனால் வேறு இயங்குதளத்தை ஏற்றவிடாமல் தடுக்கும் பூட்டைத் (பூட்லோடர்) திறந்துவிட்டால் பல வங்கிச் செயலிகள் வேலை செய்ய மறுக்கும். சாம்சங் போன்களில் 'நாக்ஸ்' பாதுகாப்புக்கான மின் உருகி ஒன்று உண்டு. அங்கீகாரமில்லாத மென்பொருளை ஏற்றினால் அது ஒருமுறை எரிந்ததுதான். பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் அது திரும்பாது. கோப்புகளைத் தனியாகப் பூட்டி வைக்கும் 'செக்யூர் ஃபோல்டர்' போன்ற வசதிகள் போய்விடும்.

கேள்வி: ஒரு தீம் செயலி 'ஆக்சசிபிலிட்டி' அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: தீமுக்கு அது எதற்கு? கொடுக்காதீர்கள். அந்த அனுமதி இருந்தால் திரையில் வருவதைப் படிக்கலாம், உங்களுக்குப் பதிலாகப் பட்டனையும் அழுத்தலாம். நோட்டிபிகேஷன் படிக்கும் அனுமதியும் அப்படித்தான், ஓடிபி வந்தால் அதையும் பார்க்கும். சில லாஞ்சர்கள் இரண்டுமுறை தட்டினால் திரை அணைவதற்காக ஆக்சசிபிலிட்டி கேட்பதுண்டு. பல வருடமாக இருக்கும், நம்பகமான லாஞ்சர் என்றால் மட்டும் யோசியுங்கள்.

கேள்வி: ஹோம் ஸ்கிரீனை மாற்றிக்கொண்டே இருக்கிறேன். இரவு ஒரு மணி ஆகிவிடுகிறது. காலையில் பார்த்தால் பிடிப்பதில்லை, மறுபடி ஆரம்பிக்கிறேன். இது கெட்ட பழக்கமா?

பதில்: உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். தன் கையால் கோத்த பொருளுக்கு மனிதர்கள் அதிக மதிப்புக் கொடுக்கிறார்கள் என்று 2012-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாமே மாட்டிச் சேர்க்கும் மரச்சாமான்களை விற்கும் ஐகியாவின் பெயரை அந்த விளைவுக்கு வைத்தார்கள். அதில் ஒரு நுணுக்கம் உண்டு: வேலையை முடித்தவர்களுக்குத்தான் அந்தப் பாசம் வந்தது, பாதியில் விட்டவர்களுக்கு வரவில்லை. நீங்கள் முடிப்பதே இல்லை, அதனால்தான் காலையில் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

திரையை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பக்கத்தையும் கீழ் வரிசையையும் இன்றே முடித்து, லாஞ்சரில் பேக்கப் எடுத்துப் பூட்டிவிடுங்கள். ஆறு மாதம் தொடாதீர்கள். இரண்டாவது பக்கம் முழுக்க உங்கள் விளையாட்டுத் திடல். கடிகாரம், வண்ணம், அசையும் படம், எது வேண்டுமானாலும் அங்கே போடுங்கள், தினமும் கலையுங்கள். கை பழகிய இடம் கெடாது, ஆசையும் தீரும். நான் நான்கு வருடமாக இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கேள்வி: புதுப் போன் நாளை வருகிறது. முதலில் எதை மாற்றுவீர்கள்?

பதில்: நோட்டிபிகேஷனை. எந்தச் செயலி சத்தம் போடலாம், எது அமைதியாக வரலாம், எது வரவே கூடாது என்று முதல் நாளே முடிவு செய்வேன். ஆண்ட்ராய்டு 8 முதல் ஒரே செயலிக்குள்ளும் வகை வகையாக அணைக்கலாம். பார்சல் வந்த செய்தி வேண்டும், தள்ளுபடி விளம்பரம் வேண்டாம் என்று. மற்றதையெல்லாம் ஒரு வாரம் தொடமாட்டேன். எந்தச் செயலியைத் திரும்பத் திரும்பத் தேடி எடுக்கிறேன் என்று கவனித்து, அதைக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் கொண்டு வருவேன். வால்பேப்பர் மட்டும் விதிவிலக்கு. அதைப் பெட்டி திறந்த ஐந்தாவது நிமிடமே மாற்றிவிடுவேன்.