வெல்லக் கரைசலில் வேம் பெருகுமா?

கேள்வி: மற்ற நுண்ணுயிர் உரங்களைப் போலவே வேர் உட்பூசணத்தையும் (வேம்) வெல்லக் கரைசலில் கலந்து ஒரு வாரம் வைத்தேன். டிரம்மில் நுரை நன்றாகப் பொங்கியது. தக்காளி, முட்டைக்கோஸ் நாற்றங்கால்களில் ஊற்றியும் பலன் இல்லை. என்ன தவறு?

பதில்: அந்த நுரை ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கிளப்பியது. வேம் உயிருள்ள வேருக்குள் புகுந்து, செடி தரும் சர்க்கரையை வாங்கித்தான் பெருகும். டிரம்மில் எவ்வளவு வெல்லம் கொட்டினாலும் அதற்குப் பயன்படாது. வேரை வளர்த்தால் அதுவும் கூடவே வளரும்.

நீளம், அகலம் 1 மீட்டர், ஆழம் 30 செ.மீ. என்று ஒரு குழி எடுத்து, கருப்பு பாலித்தீன் விரியுங்கள். 50 கிலோ வெர்மிகுலைட்டுடன் (எடை குறைந்த, ஈரம் பிடிக்கும் கனிமத் துகள்), ஆவியில் வேகவைத்து ஆறிய மண் 5 கிலோ கலந்து 20 செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். மேல்மட்டத்திலிருந்து 2 முதல் 5 செ.மீ. ஆழத்தில் 1 கிலோ தரமான வேம் கலவையைப் பரப்பி, மேலே மக்காச்சோளம் விதையுங்கள். பூசணக்கொல்லி தடவிய விதை மட்டும் வேண்டாம்.

உரத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) தாராளமாகக் கிடைத்தால், பூசணத்துக்குச் சர்க்கரை கொடுத்து அந்தச் சத்தைத் தேடித்தரச் சொல்லவேண்டிய தேவை செடிக்கு இல்லை; வேருக்குள் பூசணம் குறைந்துவிடும். விதைக்கும்போது குழிக்கு 2 கிராம் யூரியா, 2 கிராம் சூப்பர் பாஸ்பேட், 1 கிராம் பொட்டாஷ். அப்புறம் 30, 45-ஆம் நாள்களில் தலா 10 கிராம் யூரியா. பயிர் கொஞ்சம் வாடலாகத் தெரிந்தாலும் கை கூசாமல் உரம் அள்ளிப் போடாதீர்கள்.

45 நாள் வாக்கில் ஒரு செடியைப் பிடுங்கி, வேரை அலசி உடனே பாருங்கள். வெள்ளையாக இல்லாமல் லேசான மஞ்சள் ஓடியிருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் வெயிலில் வைத்தால் அந்த நிறம் போய்விடும். உறுதி செய்ய வேண்டுமென்றால் வேருக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும்.

கடைசிப் பத்து நாள் தண்ணீரை நிறுத்துங்கள். செடி காயக் காய பூசணத்தின் வித்துகள் (ஸ்போர்) கூடும். 60-ஆம் நாள் தண்டை அறுத்துவிட்டு, வேரைப் பொடியாக நறுக்கி வெர்மிகுலைட்டோடு கலந்து நிழலில் உலர்த்துங்கள். சுமார் 55 கிலோ தேறும்.

தக்காளி நாற்றங்காலில் விதைக்கு அடியில், முளைவிடும் வேர் தொடும்படி இதைப் போடுங்கள். முட்டைக்கோஸுக்குப் போடவே வேண்டாம். அதுவும், அதன் குடும்பத்தைச் சேர்ந்த காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகும் இந்தப் பூசணத்தோடு சேராது.