பெல்ட் இருக்கட்டும், முதலில் பாரை உயர்த்துங்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். நான்கு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். எடை மாட்டிய இரும்புக் கம்பியை (பார்) தரையிலிருந்து குனிந்து தூக்கும் டெட்லிஃப்டில் 80 கிலோ வரை வந்துவிட்டேன். பெரிய பிளேட்டுகளை (கம்பியில் மாட்டும் எடை வட்டுகள்) எப்போதும் யாராவது எடுத்துவிடுவதால், பக்கத்துக்கு மூன்று 10 கிலோ பிளேட் மாட்டித் தூக்குகிறேன். மறுநாள் குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாதபடி கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. எடை தூக்கும்போது இடுப்பில் இறுக்கிக் கட்டும் பெல்ட் வாங்கினால் சரியாகுமா?

பதில்: பெல்ட்டை விடுங்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த 10 கிலோ பிளேட்டுதான். போட்டிகளில் வைக்கும் பெரிய பிளேட்டின் குறுக்களவு 45 செ.மீ. அதை மாட்டினால் பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். சிறிய பிளேட்டில் மூன்று நான்கு விரற்கடை தாழ்ந்துவிடும். அந்தக் குறையை ஈடுகட்ட உங்கள் முதுகுதான் வளைகிறது. பாருக்கு அடியில் இருபுறமும் ஒரே உயரத்தில் மரக்கட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஜிம்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடுத்தது தூரம். வெறும் பாரின் எடை பொதுவாக 20 கிலோ, உங்கள் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனின் எடைதான். கேன் போடுபவர் அதைத் தோளோடு ஒட்டி வைத்து மூன்று மாடி ஏறிவிடுகிறார். கையை முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள், பத்தடி தாண்டமாட்டார். பார் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே, காலை உரசியபடி ஏற வேண்டும். முழங்காலைச் சற்றே மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கிய பிறகே தூக்குங்கள். பெல்ட் துணை செய்வதே அந்த இறுக்கத்துக்குத்தான். இறுக்கத் தெரியாதவருக்கு அது வெறும் அரைக்கச்சை.

முதுகுப் பிடிப்புக்கெல்லாம் வளைவு ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். நான்கு மாதத்தில் 80 கிலோ என்பது அவசரமாகவும் இருக்கலாம். இரண்டு வாரம் 40 கிலோவோடு நிறுத்துங்கள். அதிலும் வலித்தால் டெட்லிஃப்டையே ஒதுக்கிவையுங்கள். வலி கெண்டைக்கால்வரை இறங்கினாலோ கால் மரத்துப்போனாலோ மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் கட்டுப்பாடு தவறினால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

நண்பர் ஒருவரிடம் போனைக் கொடுத்துப் பக்கவாட்டிலிருந்து படமெடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடி இதற்கு உதவாது. பார்க்கத் தலையைத் திருப்பினால் கழுத்தும் சேர்ந்து திரும்பிவிடும். முதல் முறை தூக்குவதை எடுக்க வேண்டாம், அப்போது எல்லோரும் ஒழுங்காகத்தான் தூக்குவார்கள். கடைசி இரண்டை எடுக்கட்டும்.